பூட்ஸுக்குப் புதுநிறம்

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்றுத் தாழ்ந்த இடத்தில் இருப்பது. அதாவது, நம் காலுக்குக் கீழே கிடப்பது. நல்ல தோலால் ஆன பழைய பூட்ஸுக்கு வீட்டிலேயே புதுச் சாயம் ஏற்றி, அதைத் தம் விருப்பத்திற்கேற்ப அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதே அப்பொருள். விண்மீன்களைப் பற்றியும் காவியங்களைப் பற்றியும் பேசுகின்ற வானொலியில் பூட்ஸைப் பற்றிப் பேசுவது தகுமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஒரு ஜோடிப் பூட்ஸை மடிமீது வைத்துக்கொண்டு சற்றே கூர்ந்து நோக்கினால், இரசாயனமும் வரலாறும் மனிதர் மனிதரை நடத்திய முறையும் அதனுள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். சாயம் வேறு, பூச்சு வேறு. சுவருக்கு அடிக்கும் வர்ணம் பூச்சு. அது மேலே படிந்து, கீழே உள்ளதை மறைக்கிறது. வேட்டியின் கரைக்கு ஏற்றும் நிறம் சாயம். அது நூலுக்குள் புகுந்து நூலோடு ஒன்றாகிவிடுகிறது. பூச்சு மறைக்கும், சாயம் மறைக்காது. இந்த ஒரு செய்தியை நன்கு உணர்ந்தவன் தோலுக்குச் சாயம் ஏற்றும் தொழிலில் பாதியைக் கற்றவன் ஆவான். இன்றைய பேச்சு முழுவதும் இதன் விரிவுரை என்றே சொல்லலாம்.

பழைய பூட்ஸுக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா, புதியதொன்று வாங்கினால் ஆகாதா என்று கேட்கலாம். மட்டமான பூட்ஸாக இருந்தால் அக்கேள்வி நியாயமானதே. தரமான பூட்ஸின் அமைப்பே வேறு. அதன் மேல்தோலையும் அடித்தோலையும் நேராகச் சேர்த்து ஒட்டிவிடுவதில்லை. இரண்டிற்கும் இடையே வெல்ட்டு என்னும் ஒரு தோற்பட்டையை வைத்து, மேல்தோலை அதனோடு ஒரு தையலாலும், அடித்தோலை அதனோடு மற்றொரு தையலாலும் இணைக்கிறார்கள். இத்தையலை இடுவதற்கு ஏற்ற இயந்திரம் அமெரிக்காவில் 1870களில் உருவாயிற்று. ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்ட சார்லஸ் குட்இயரின் மகன் அதனைச் சீர்ப்படுத்திப் பரப்பினார். ஆகவே அத்தையல் அவருடைய குடும்பப் பெயராலேயே வழங்குகிறது. இம்முறையில் செய்த பூட்ஸின் அடித்தோல் தேய்ந்தால், அதை மட்டும் பிரித்துவிட்டு வேறு தைக்கலாம். மேல்தோல் பல ஆண்டுகள் உழைக்கும். அந்த மேல்தோல் வெளுத்துப் போய்விட்டது என்பதற்காக முழுப் பூட்ஸையும் எறிவது, சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது என்பதற்காக வீட்டை இடிப்பது போன்றது.

பூட்ஸின் நிறத்தை அதை அணிந்தவர்களே மாற்றிக்கொண்டதற்கு வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையினர் செங்கபில நிறப் பூட்ஸையே அணிந்தனர். 1950களின் பிற்பகுதியில் அப்படையின் சீருடை மாறியது. அதனோடு காலணியின் நிறமும் கறுப்பாயிற்று. ஆனால் பெட்டிகளில் இருந்தவையோ பழைய கபில நிறப் பூட்ஸ்கள். ஆகவே சிப்பாய்கள் சாயப் புட்டியும் துணியும் கையுமாக அமர்ந்து, தத்தம் பூட்ஸைத் தாமே கறுப்பாக்கிக்கொண்டனர். ஆனால் பழைய நிறம் எளிதில் விடைபெற்றுப் போய்விடவில்லை. பூட்ஸில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கறுப்புக்கு அடியிலிருந்து கபில நிறம் எட்டிப் பார்க்கும். அதற்கு முற்பட்ட படைவீரர்களைப் பழுப்புப் பூட்ஸ் காலத்தவர் என்று அழைக்கும் வழக்கமும் அப்படையில் நெடுநாள் இருந்தது.

சிப்பாய்கள் தவிர்க்க நினைத்த இதே விளைவை, தோல் பதனிடுவோர் சிலர் வேண்டுமென்றே உண்டாக்குவதும் உண்டு. தோலின் உட்பகுதியைத் தேயிலைச் சாற்றின் பழுப்பு நிறத்தில் விட்டு, மேற்பகுதிக்கு மட்டும் கறுப்பு ஏற்றுகிறார்கள். அணிய அணிய மடிப்புகளிலும் நுனியிலும் கறுப்பு தேய்ந்து பழுப்பு தோன்றும். அதை அழகு என்று விரும்பி வாங்குவோர் இன்றும் பலர். ஒருவர் குறை என்று கருதுவதை மற்றொருவர் அணியாகக் கொள்வது விந்தைதான். சாயம் எவ்வளவு ஆழம் சென்றது என்பதே இரண்டிற்கும் அடிப்படை.

இனி, சாயம் எதனுள் செல்கிறது என்பதைக் காண்போம். தோல் என்பது ஒரே சீரான தகடு அன்று. கொலாஜன் என்னும் புரதத்தின் மெல்லிய இழைகள் பின்னிப் பின்னி அமைந்த ஒரு வலை அது. வெளிப்புறத்தில் இவ்விழைகள் மிக நுண்ணியனவாகவும் நெருக்கமாகவும் உள்ளன. மயிர் இருந்த துளைகளும் அங்கே தெரியும். உட்புறத்தில் இழைகள் தடித்தும் தளர்ந்தும் உள்ளன. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிப்போகும். வெறுமனே உலர்த்தினால் பலகைபோல் விறைத்துப்போகும். அழுகாமலும் விறைக்காமலும் இருக்கும்படி அவ்விழைகளைப் பிணைத்துப் பக்குவப்படுத்துவதே பதனிடுதல் ஆகும்.

பதனிடுதலில் இரண்டு பெரும் முறைகள் உண்டு. ஒன்று, மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்பைக் கொண்டு பதனிடுவது. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழந்தொழில். அவ்வாறு பதனிட்ட தோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்று விலைபோயின. மற்றொன்று, குரோமியத்தின் உப்பைக் கொண்டு பதனிடுவது. 1884ஆம் ஆண்டு அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் அமெரிக்காவில் இதற்குரிய முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இம்முறையைச் சென்னையில் புகுத்தினார். சென்னைக்குத் தெற்கேயுள்ள குரோம்பேட்டை, அங்கே அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையினாலேயே அப்பெயர் பெற்றது. நாள்தோறும் மின்சார ரயிலில் அவ்வூரைக் கடந்து செல்லும் மாணவர்களில் எத்தனை பேர், ஒரு தனிமத்தின் பெயரே ஊர்ப் பெயராக நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்திருப்பர்?

இரண்டு வகைத் தோலையும் இனங்காண ஓர் எளிய சோதனை உண்டு. தோலின் சிறு துண்டு ஒன்றைக் கொதிநீரில் இட்டால், துவர்ப்பால் பதனிட்ட தோல் சுருங்கிச் சுருண்டுவிடும். நன்கு பதனிட்ட குரோம் தோல் பெரும்பாலும் தாங்கி நிற்கும். பூட்ஸிலிருந்து துண்டு வெட்ட இயலாதாகையால், வெட்டுவாய் தெரியும் இடத்தை நோக்கவேண்டும். சாயம் உள்வரை ஏறாத குரோம் தோலின் வெட்டுவாய் நீலம் கலந்த சாம்பல் நிறமாயிருக்கும்; துவர்ப்புத் தோலினுடையது இளம் பழுப்பாயிருக்கும். இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

தோலை அறிந்தோம், இனிச் சாயத்தை அறிவோம். 1856ஆம் ஆண்டில் இலண்டனில் பதினெட்டு வயதே நிரம்பிய வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் மாணவர், விடுமுறை நாளில் தம் வீட்டிலே அமைத்த சிறு சோதனைச் சாலையில், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிடைக்கவில்லை. குடுவையின் அடியில் தங்கியதோ ஒரு கரிய வண்டல். மற்றவராயின் அதைச் சாக்கடையிற் கொட்டியிருப்பர். பெர்க்கின் அதைச் சாராயத்தில் கரைத்துப் பார்த்தார். அழகிய ஊதா நிறம் பிறந்தது. செயற்கைச் சாயத் தொழில் இவ்வாறு தோன்றியது. அவர் எடுத்துக்கொண்ட மூலப்பொருள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலைன். அப்பெயருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1840ஆம் ஆண்டளவில் ஃபிரிட்ஷே என்னும் இரசாயன அறிஞர், அவுரிச் செடியின் நீலத்தைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சி அப்பொருளைப் பெற்றார். போர்த்துகீசிய மொழியில் நீலத்துக்கு வழங்கிய அனில் என்னும் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். அச்சொல் அரபு மொழி வழியாக வந்தது. அதன் வேர் நாம் அறிந்த நீலம் என்னும் சொல்லே. நம் நாட்டு வயலில் விளைந்த ஒரு நிறத்தின் பெயர் உலகத்தைச் சுற்றிவிட்டு, சாயப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் மீண்டும் நம் வீட்டிற்கு வருகிறது.

தோலுக்கு இன்று இடும் சாயங்களிற் பல அம்மரபில் வந்தவையே. வீட்டு வேலைக்கு ஏற்றவை ஸ்பிரிட்டில் கரைந்த சாயங்கள். ஸ்பிரிட் சாயத்தைத் தோலின் துளைகளுக்குள் இட்டுச் சென்று, தான் ஆவியாகிவிடுகிறது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் 1895இல் தொடங்கிய ஃபீபிங் நிறுவனத்தார் முதலியோர் இத்தகைய சாயங்களைச் சிறு புட்டிகளில் விற்கின்றனர்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதல் வேலை சோதனை. பூட்ஸின் மேல் ஒரு துளி நீரை விடுங்கள். சிறிது நேரத்தில் துளி உள்ளே இறங்கி அவ்விடம் கறுத்தால், தோலின் துளைகள் திறந்திருக்கின்றன என்று அறியலாம். துளி தாமரையிலை நீர்போல் உருண்டு நின்றால், மேலே மெழுகோ பூச்சோ இருக்கிறது என்பது பொருள். அதை நீக்காமல் சாயம் இட்டால், சாயம் உள்ளே புகாமல் மேலே தங்கி, திட்டுத் திட்டாகும். முழுவதும் பிளாஸ்டிக் போன்ற தடித்த பூச்சு உள்ள தோல் இவ்வேலைக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, தூய்மை செய்தல். நாடாக்களைக் கழற்றிவிட்டு, தூசியைப் பிரஷால் தட்டி, தோலுக்குரிய சவுக்காரத்தைச் சிறிதளவே நீரில் நுரைத்துத் துடைக்க வேண்டும். பூட்ஸுக்குள் மரக் கட்டையோ காகிதமோ திணித்து நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கக்கூடாது. வெப்பம் ஈரத்தோலைச் சுருக்கிவிடும். பிறகு, நிறம் படக்கூடாத இடங்களாகிய வெல்ட்டு, ரப்பர் ஓரம் முதலியவற்றின் மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டவேண்டும். தையல் நூலையும் கவனியுங்கள். பருத்தி நூல் சாயத்தை ஏற்கும். பாலியெஸ்டர் நூல் பெரும்பாலும் ஏற்காது, பழைய நிறத்திலேயே பளிச்சென்று நிற்கும். அது உங்களுக்கு உவப்பாயிருக்குமா என்பதை முன்னரே எண்ணிக்கொள்வது நலம்.

மூன்றாவது, பழைய மெருகை நீக்குதல். அசிட்டோனைப் பஞ்சில் சிறிது நனைத்து, சிறு சிறு பகுதியாகத் துடைக்க வேண்டும். பளபளப்பு மறைந்து தோல் மங்கலாகும் வரையில் துடைத்தால் போதும். தோலை ஊறவைக்கக் கூடாது. அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றுவது. ஆகவே இவ்வேலையைத் திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் ஊதுவத்தியும் இல்லாத இடத்தில், கையுறை அணிந்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும்.

நான்காவது, நிறத்தைத் தேர்ந்தெடுத்தல். சாயம் மறைக்காது என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? அது இங்கேதான் தன் பயனைக் காட்டுகிறது. புதுச் சாயம் பழைய நிறத்தோடு கூடி நிற்குமேயன்றி, அதனை அழித்துவிட்டு நிற்பதில்லை. மஞ்சள் கலந்த பழுப்புத் தோலின் மேல் நீலச் சாயம் இட்டால் நீலம் வராது, பச்சை சாயும். இளம் பழுப்பைச் செம்பழுப்பாக்கலாம், செம்பழுப்பைக் கரும்பழுப்பாக்கலாம், எதனையும் கறுப்பாக்கலாம். கறுப்பை வெளுப்பாக்க இயலாது. இப்பாதை ஒருவழிப் பாதை. கைதேர்ந்தவர்கள் கபில நிறத் தோலைக் கறுப்பாக்கும்போது, முதலில் கருநீலச் சாயம் ஒன்றை ஏற்றி, அதன்மேல் கறுப்பை ஏற்றுவர். பழைய தோலின் செம்மையை நீலம் அடக்கிவிடுவதால் கறுப்பு ஆழமாக அமைகிறது. எந்த நிறமாயினும், பூட்ஸின் நாக்கு மறைந்திருக்கும் அடிப்பகுதியில் சிறிது இட்டு, உலர்ந்தபின் பார்த்துத் தெளிவது அறிவுடைமை. ஈரத்தில் தெரியும் நிறமும் உலர்ந்த நிறமும் ஒன்றல்ல.

ஐந்தாவது, சாயம் ஏற்றுதல். கம்பளிப் பந்து முனையிலோ சிறு பஞ்சிலோ சாயத்தைத் தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, சிறு வட்டங்களாகத் தேய்த்துச் செல்லுங்கள். ஒரு துண்டுத் தோலைத் தொடங்கினால் அதன் தையல் ஓரம் வரும் வரையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அவ்விடத்தில் கோடு விழும். ஒரே முறையில் கெட்டியாக இடுவதினும், இடைவெளி விட்டு மெல்லிதாக இரண்டு மூன்று முறை இடுவதே சிறப்பு. பாய் நெய்பவர் ஒவ்வொரு கோரையாகச் சேர்ப்பதுபோல, நிறமும் படிப்படியாகச் சேரவேண்டும்.

ஆறாவது, உலர்த்துதல். இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. இதன் பின்னால் துன்ப வரலாறு ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விற்ற காலணிச் சாயங்கள் சிலவற்றில் அனிலைன் எண்ணெயோ நைட்ரோபென்ஸீனோ கலந்திருந்தது. பிரான்ஸிலும் அமெரிக்காவிலும், பழுப்புக் காலணிக்குக் கறுப்புச் சாயமிட்டு, ஈரம் காயுமுன் அணிந்து சென்றவர்கள் சிலர் உதடும் நகமும் நீலம் பாரிக்க மயங்கி விழுந்தனர். குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். அந்நஞ்சு பாதத்தின் தோல் வழியாக இரத்தத்திற் சேர்ந்து, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் கெடுத்ததே அதற்குக் காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். அறிவு அதன்பின் வளர்ந்தது, அப்பொருள்கள் விலக்கப்பட்டன. ஆயினும் பாடம் நிலைத்தது. சாயமிட்ட பூட்ஸ் காற்றோட்டமான இடத்தில் ஒரு முழு நாளாவது உலரவேண்டும்; ஈரக் காலணியில் காலை விடலாகாது. புட்டியின் மேலுள்ள எச்சரிக்கையைப் படிப்பது பரீட்சைக் கேள்வியைப் படிப்பதினும் முக்கியமானது.

ஏழாவது, தேய்த்தெடுத்தல். உலர்ந்தபின் துளைகளில் புகாத சாயம் தூளாக மேலே நிற்கும். வெள்ளைத் துணியால் மீண்டும் மீண்டும் தேய்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டாமல் வரும்போதுதான் வேலை முடிந்தது என்று பொருள். இதில் சோம்பினால், காற்சட்டையின் ஓரமும் காலுறையும் சாயத்திற்குப் பங்குதாரர் ஆகிவிடும்.

எட்டாவது, ஊட்டம் கொடுத்தல். அசிட்டோனும் ஸ்பிரிட்டும் தோலின் இயற்கையான எண்ணெயையும் கவர்ந்துகொண்டன. எண்ணெயற்ற தோல் மடிப்புகளில் வெடிக்கும். ஆகவே தோலுக்குரிய எண்ணெயையோ களிம்பையோ மெல்லிதாகத் தடவி, ஓரிரவு விட்டு, பிறகு மெழுகுப் பாலிஷ் இட்டுப் பிரஷால் தேயுங்கள். மங்கலாயிருந்த நிறம் அப்போதுதான் ஒளிபெற்று எழும்.

இதுவரை சொன்னது கடைச் சாயம். கடைச் சாயமே இன்றிக் கறுப்பைத் தோலுக்குள்ளேயே பிறப்பிக்கும் பழைய முறை ஒன்றும் உண்டு. இரும்புத் துருவலைக் காடியில் பல நாள் ஊறவிட்டால் ஒரு நீர் கிடைக்கும். வாயு வெளியேறுமாதலால் பாத்திரத்தை இறுக மூடக்கூடாது. வடிகட்டிய அந்நீரைத் துவர்ப்பால் பதனிட்ட தோலின் மேல் தடவியவுடன், நீரில் கறுப்பு இல்லாதிருந்தும் தோல் கண்ணெதிரே கறுக்கும். தோலிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடிக் கருமையை உண்டாக்குகின்றன. நம் முன்னோர் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்து எழுது மை காய்ச்சினார்களே, அதே இரசாயனம் இது. அன்னபேதி என்பதும் இரும்பின் உப்பே. இவ்வகையில் வந்த கறுப்பு பூட்ஸின் மேல் எழுதிய எழுத்து என்னலாம். துடைத்தாலும் துணியில் ஒட்டாது. கறுத்தபின் சமையற் சோடா கரைத்த நீரால் துடைத்துப் புளிப்பை முறிக்க வேண்டும், எண்ணெயும் இடவேண்டும், இல்லையேல் தோல் நைந்துபோகும். குரோம் தோலில் துவர்ப்பு இல்லையாதலால் இவ்வித்தை அங்கே பலிக்காது. வெட்டுவாயைப் பார்த்துத் தோலின் வகையை அறியவேண்டும் என்று முன்னர்ச் சொன்னது இதற்காகவே.

நிறம் அமைந்தபின், அவரவர் விருப்பம் போல் சில நயங்களைச் சேர்க்கலாம். நுனியிலும் குதியிலும் சற்றுக் கருமையான பாலிஷைத் தேய்த்தால், பல்லாண்டு பழகிய பொலிவு உண்டாகும். பாரிஸ் நகரத்தில் ஓல்கா பெர்லூட்டி என்னும் அம்மையார் காலணித் தோலில் நிறங்களை அடுக்கடுக்காக ஏற்றி, ஓவியம் போன்ற சாயல்களை வரவழைத்துப் பெரும்புகழ் பெற்றார். நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டுவதில்லை. நாடாவின் நிறத்தை மாற்றுவது, அடித்தோலின் ஓரத்திற்குக் கரும்பழுப்பு மெருகு இடுவது, பழைய நாடாக்கண்களை நீக்கிப் பித்தளைக் கண்கள் பொருத்துவது ஆகியவையே போதும். கடையில் ஆயிரம் பேர் வாங்கியதைப் போன்ற பூட்ஸ், உலகில் ஒன்றே ஒன்றாகிவிடும்.

இவற்றுள் சில வேலைகளுக்குக் குத்தூசியும் அடிக்கும் கட்டையும் வேண்டும். பழகிய கையும் வேண்டும். தெருமுனையில் குடைக்கீழ் அமர்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் சென்று கேளுங்கள். 'ஐயா, இத்தோல் எவ்வகை? இத்தையலை எப்படிப் பிரிப்பது?' என்று மாணவனாக நின்று கேளுங்கள். நூல்களில் காணாத பல நுட்பங்கள் அவர் விரல்களில் இருக்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நம் நாட்டில் தோலைத் தொட்டவரை நெடுங்காலம் தொடாமல் ஒதுக்கினோம். அவர் செய்த காலணியை அணிந்தோம். அவர் கட்டிய பறையின் ஒலியில் விழா எடுத்தோம். அவர் தைத்த கவலைத்தோல் கொண்டு கிணற்று நீரை இறைத்துப் பயிர் வளர்த்தோம். ஆனால் அவரை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைவது மனங்களின் வேலை. பழைய பூட்ஸைத் தம் கையால் துடைத்து, அதன் மணத்தையும் கறையையும் தாங்கி, ஒரு நாள் முழுதும் உழைத்துப் பார்த்த மாணவன், அத்தொழிலை இழிவு என்று சொல்ல நாணுவான் என்பது என் நம்பிக்கை.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இதைச் செய்து காட்டினார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் நகருக்கருகே அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் அவரோடு வாழ்ந்த சத்தியாக்கிரகிகளில் தமிழர் பலர். அவருடைய நண்பர் காலன்பாக், மேரியன்ஹில் என்னும் இடத்திலிருந்த துறவியர் மடத்திற்குச் சென்று செருப்புச் செய்யக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தியடிகளும் மற்றவரும் கற்றனர். தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே காந்தியடிகள் தம் கையால் செய்த ஒரு ஜோடிச் செருப்பைப் பரிசளித்தார். ஸ்மட்ஸ் பல கோடைகள் அதை அணிந்தார். 1939இல் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி அன்புடன் அதைத் திருப்பி அனுப்பிவைத்தார். பகையைக் கரைப்பதற்கு அந்தச் செருப்பும் ஒரு கருவியாயிற்று.

மற்றொரு காரணமும் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழிலால் வாழும் குடும்பங்கள் பல. அதே தொழிலின் கழிவுநீரால் பாலாற்றங்கரையின் நிலமும் கிணறும் கெட்டன. இதைக் குறித்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசு செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறியை வலியுறுத்தியது. சென்னையில் 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும், நீரும் உப்பும் குறைவாகச் செலவாகும் முறைகளை ஆராய்ந்து வருகின்றனர். அறிஞர் செய்வது ஒருபுறம் இருக்க, நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதனிட்ட ஒவ்வொரு தோலுக்கும் பின்னால் ஓர் உயிரும், ஓர் ஆற்றின் நீரும், பலருடைய உழைப்பும் இருக்கின்றன. அத்தோலை ஐந்தாண்டில் எறியாமல் இருபதாண்டு அணிந்தால், அம்மூன்றுக்கும் நாம் செய்யும் மரியாதை அதுவே.

மாணவ நண்பர்களே, சாயம் மறைக்காது என்று தொடக்கத்தில் சொன்னேன். பழைய கீறல் புதுநிறத்தினூடேயும் சற்றுத் தெரியும். நடந்த வழியின் மடிப்பு அப்படியே இருக்கும். அதைக் கண்டு வருந்தவேண்டுவதில்லை. அந்தப் பூட்ஸ் உழைத்திருக்கிறது. இனியும் உழைக்கப் போகிறது. வரும் விடுமுறையில் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய காலணியை எடுத்து, அதன் மேல் ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். துளி உள்ளே இறங்கினால், வேலையைத் தொடங்கலாம்.